செட்டிநாட்டில் ஒரு தவக்கால வாரம்

திங்கள்

திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் பாசஞ்சரில் வந்தால், திருமயம் கோட்டை ஜன்னலில் தெரிந்து மறைந்த கொஞ்ச நேரத்தில் ‘செட்டிநாடு’ என்றே பெயர்ப்பலகை வைத்த சின்ன நிலையம் வரும். கானாடுகாத்தான் பக்கம் போகிறவர்கள் அங்கேதான் இறங்க வேண்டும். என்னோடு இறங்கியவர்கள் நாலைந்து பேர். வெளியே நின்ற ஒரே ஆட்டோவும் யாரையோ அழைத்துப்போக வந்தது. அவர்களோடு ஒட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

தவக்காலம் நடக்கிறது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. வருடா வருடம் அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கறி மீன் இல்லை, சினிமா இல்லை என்று ஒரு பட்டியல் போடுவேன். உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணியோடு அது முடிந்துவிடும். இந்த முறை எதை விடுவது என்ற யோசனையை விட்டுவிட்டு, பழைய துறவு மடங்களில் ஒரு நாளை எப்படி நடத்தினார்களோ அப்படிக் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் பங்கில் முன்பு இருந்த வயதான ஃபாதர் ஒருவர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். விடியலில், துறவிகள் தினமும் சொல்லும் செபப் புத்தகமான திருப்புகழ்மாலையிலிருந்து திருப்பாடல்கள் (சங்கீதங்கள்). பிறகு இருபது நிமிடம் பேசாமல் உட்காருவது. காலையில் நற்செய்தியில் ஒரே ஒரு பகுதியை மெதுவாகப் படிப்பது. பன்னிரண்டு மணிக்கு, மரியாவை நோக்கிச் சொல்லும் மூவேளை செபம். மதியம் கைவேலை, வாசிப்பு. மாலை மறுபடியும் திருப்பாடல். படுக்கும் முன், அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. போன் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இதை எழுதிப் போடுகிறேன். சொன்னபோது ஃபாதர் சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

“எளிமையா வாழ்ந்து பார்க்கச் செட்டிநாடா?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரை என்று ஆடம்பரத்துக்குப் பேர்போன ஊர். காரணம் ஒன்றும் பெரிதில்லை: கூட வேலை பார்க்கும் நண்பரின் அப்பத்தா வீடு இங்கே இருக்கிறது, அறைகள் காலியாகக் கிடக்கின்றன, வாடகை இல்லை.

வீடு, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமாகக் கிடக்கிறது. எண்பது தாண்டிய ஆச்சியும், கூட இருந்து சமைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் இரண்டாம் கட்டோடு வாழ்க்கையை முடித்துக்கொள்கிறார்கள். மற்றதெல்லாம் பூட்டு. எனக்கு வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, ஒட்டி ஓர் அறை. ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை, சுவரில் மாடம். ஜன்னல் சின்னது. மின்விசிறி உண்டு, அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

செவ்வாய்

ஐந்து மணிக்கு எழுந்து வளவுக்கு வந்தால் ஆச்சி எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் புத்தகத்தோடு தூண் ஓரமாக உட்கார்ந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாமி கும்பிட இம்புட்டுத் தூரம் வரணுமா தம்பி? உங்க ஊர்ல கோயில் இல்லையா?”

“இருக்கு ஆச்சி. அங்கன்னா போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்.”

“அமத்தி வச்சிர வேண்டியதுதானே?”

இதற்கு என்ன சொல்வது! திருப்பாடலைத் திறந்துகொண்டேன்.

காலை வாசிப்புக்கு வருவோம். இந்த முறைக்கு நாலு படி: வாசிப்பது, அசைபோடுவது, செபிப்பது, அப்புறம் சும்மா இருப்பது. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கர்த்தூசியன் துறவிகளின் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ இவற்றை ஓர் ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தினார். ஆனால் பழக்கம் அவருக்கும் மிக முந்தியது. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குகளிலேயே வாசிப்புக்கு மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறார். அதில் 48-ஆம் அதிகாரம் எனக்குப் பிடித்தது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை தாண்டாமல் படிக்க வேண்டும். படிக்கிற நேரத்தில் யாராவது ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க மூத்தவர்கள் ஓரிருவர் சுற்றி வர வேண்டும். மனிதனை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்.

ஃபாதர் குறித்துக் கொடுத்த பகுதி லூக்கா 12: விளைச்சல் அமோகமாக வந்த செல்வன், இருக்கிற களஞ்சியங்களை இடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிற உவமை. “நீ சேர்த்துவைத்தவை யாருடையவையாகும்?” என்று கடவுள் கேட்கும் இடம். இந்த வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கச் சொன்னது ஃபாதரின் குறும்பு என்றுதான் நினைத்தேன். பேராசை தப்பு, பெரிய வீடு வீண், என்று முதல் வாசிப்பிலேயே பாடம் தயார். ஆனால் ஒரே பகுதியை நாலாம் முறை படிக்கும்போதுதான் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்தச் செல்வன் யாரிடமும் பேசவில்லை. தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறான். மனைவி, பிள்ளை, வேலையாள், பக்கத்து வீட்டுக்காரன், ஒருவரும் கதையில் இல்லை. உண்டு குடித்து மகிழப்போவதும் அவன் மட்டும்தான்.

இந்த வீடு அப்படி இல்லை. மத்தியானம் ஆச்சியிடம் அறைகளைப் பற்றிக் கேட்டேன். நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோவில் வரியே புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு புள்ளிக்குச் சொந்தமென்று இருந்தது வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றுதான். மாப்பிள்ளை பர்மாவிலோ மலாயாவிலோ கடையில் இருப்பார். பெண் இங்கே தன் சீர்ச் சாமான்களை அறையில் பூட்டிவைத்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் வளவிலும் அடுப்படியிலும் இருப்பார்.

“கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல வேறு வச்சுருவாக. வருசத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி எல்லாம் அளந்து குடுத்துருவாக. தனி அடுப்பு. அதுக்குள்ள ஓட்டிக்கிரணும். பத்தலன்னு போய் நின்டா மானம் போயிரும்” என்றார் ஆச்சி.

ஒரே கூரை, பல அடுப்பு. முகப்பைப் பார்த்துவிட்டு அரண்மனை என்று நாம் எழுதுகிறோம். உள்ளே இருந்தவர்கள் பாயில் படுத்து, அளந்த அரிசியில் பொங்கித் தின்றிருக்கிறார்கள். ஆடம்பரம் இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்தில் பார்த்தால் தெரியும்.

எகிப்துப் பாலைவனத்தில், ஸ்கேத்திஸ் என்ற இடத்தில், மோசே என்றொரு துறவி இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வந்தவரிடம், “போய் உன் அறையில் உட்கார். உன் அறை உனக்கு எல்லாவற்றையும் கற்றுத்தரும்” என்றாராம். நானும் சாயங்காலம் அறையில் போய் உட்கார்ந்தேன். கொசு கடித்தது.

புதன்

மார்ச் மாதத்துச் செட்டிநாட்டு மத்தியானத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பன்னிரண்டுக்கு மூவேளை செபம் சொல்லி, சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு மணி. அதற்கப்புறம் தெருவில் ஒரு நாய்கூட நடமாடாது. வளவில் வெயில் நேராக இறங்கி, கல்லில் கால் வைக்க முடியாது. தாழ்வாரத்தின் நிழல் ஒரு விரற்கடை நகர்வதற்குள் யுகம் ஆகிறது. புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறேன். எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். வாசல் வரை போய் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், ஆனாலும் போகிறேன். வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் போனில் ஐம்பது வீடியோ ஓடியிருக்கும். நமக்கு இந்த ஊர் ஒத்துவரவில்லை, வேறு எங்காவது மலைப்பக்கம் போயிருக்கலாம் என்று மனசு சொல்கிறது.

இதற்கு 4-ஆம் நூற்றாண்டிலேயே பேர் வைத்துவிட்டார்கள்: நண்பகல் பேய். எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதன் அறிகுறிகளை எழுதிவைத்திருக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி அறையை விட்டு வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலைப் பார்ப்பான், சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று நாலுபக்கமும் பார்ப்பான். இருக்கிற இடம் பிடிக்காது. செய்கிற வேலை பிடிக்காது. வேறு இடத்தில் இருந்தால் ஆண்டவரை நன்றாகத் தேடலாம் என்று தோன்றும். வாட்ஸாப் ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் இருக்கிறது. அவருக்கு அடுத்த தலைமுறையில் யோவான் காசியன் இந்தப் பாடங்களை மேற்கே கொண்டுபோனார்; அங்கிருந்து ஆசீர்வாதப்பரின் மடங்களுக்குப் போயின.

மருந்து? எவாகிரியுஸ் சொல்வது சப்பென்று இருக்கும்: எழுந்து ஓடாமல் இரு. பாலைவனத் துறவிகள் ஓலை முடைந்தார்கள், கூடை பின்னினார்கள். செபமும் கைவேலையும் மாறி மாறி. எனக்கு ஓலை முடையத் தெரியாது. அடுப்படிக்குப் போனேன்.

அக்காவுக்கு நான் வந்தது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “என்ன சார் வேணும்? காப்பியா?” என்றார். சும்மா ஏதாவது வேலை கொடுங்கள் என்றதும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஒரு முறம் மொச்சையைத் தள்ளிவிட்டார். ராத்திரிக்கு மண்டி என்ற செட்டிநாட்டுக் குழம்பு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றாமல் எடுத்துவைத்திருந்தார். அதில்தான் புளியைக் கரைக்க வேண்டும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்க, வெண்டைக்காயைப் போட்டுப் புரட்டி, வெந்த மொச்சையைச் சேர்த்து, அந்தக் களைந்த தண்ணீரில் கரைத்த புளியை ஊற்றிக் கொதிக்கவிட்டார். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு தானாகவே கெட்டிப்படுகிறது. தேங்காய் அரைக்க வேண்டியதில்லை.

மொச்சை உரிக்கும்போது ஒன்று உறைத்தது. என் மௌனத்துக்கும் செபத்துக்கும் நேரம் கிடைப்பது, மூன்று வேளையும் இந்த அடுப்படியில் வேறொருவர் வியர்த்துக்கொண்டிருப்பதால். எளிய வாழ்க்கை என்று பேசும் ஆண்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மடங்களில் சேர்த்தார்கள். ஆசீர்வாதப்பரின் 35-ஆம் அதிகாரம், சகோதரர்கள் ஒருவருக்கொருவர் பணிசெய்ய வேண்டும், நோயோ வேறு முக்கிய வேலையோ இருந்தாலொழிய யாருக்கும் அடுக்களை வேலையிலிருந்து விலக்கு இல்லை என்கிறது. முறை வாரத்துக்கு ஒருமுறை மாறும். வாரம் முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் ஒப்படைக்க வேண்டும். புனித சார்லஸ் தெ ஃபுக்கோ நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டு, தோட்டத்தில் சாமான் போடும் குடிசையில் தங்கியிருந்தார். (நம் ஊர் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்த அதே நாள், 2022 மே 15 அன்று, அதே திருப்பலியில்தான் இவருக்கும் கொடுத்தார்கள். குமரி மாவட்டக்காரர்கள் அன்றைக்கு இவரைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை.)

இனி என் தட்டையும், கூடவே இரண்டு பாத்திரத்தையும் நான் கழுவுவது என்று பேசி முடித்தோம். பேசி முடித்தது நான். அக்கா, “பாத்திரத்துல சோப்பு வாடை அடிக்காமக் கழுவணும்” என்று மட்டும் சொன்னார்.

வியாழன்

மதிய வேலைக்குப் பதிலாக இன்று வெளியே. முதலில் ஆத்தங்குடி.

தரைக்கல் செய்வதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, பூ வடிவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை அகப்பையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவிடுகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. பாலீஷ் கிடையாது. கல் செய்யும் அண்ணன் அகப்பையைத் தூக்கியதிலிருந்து வைக்கும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் வண்ணம் கட்டம் தாண்டிவிடும். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அச்சை எடுத்த பிறகுதான் பதில் வந்தது.

அங்கிருந்து காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு. இங்கே வராமல் லூக்கா 12 முடியாது. செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்து, இடிந்து, விலைபோன பிறகு உள்ளேயிருந்த சாமான்கள் வந்து சேரும் தெரு இது. கடைக்குக் கடை எனாமல் தூக்குகள், மரப் பெட்டகங்கள், ரவிவர்மா படங்கள், பித்தளை அண்டாக்கள், ஜப்பான் பீங்கான்கள், நிலைக்கதவுகள். சீராக வந்த பாத்திரங்களில் இனிஷியல் வெட்டியிருக்கிறது. ஒரு சின்ன வெண்கலச் சட்டியைக் கையில் எடுத்தேன். அடியில் கரி போகவில்லை, வாய்ப்பக்கம் ஒரு நசுங்கல், பக்கத்தில் மூன்று எழுத்து. யாரோ ஒரு பெண்ணின் தனி அடுப்பில் இருந்தது. அளந்து கொடுத்த அரிசியில் எத்தனை வருடம் இதில் பொங்கினாரோ! நீ சேர்த்துவைத்தவை யாருடையவையாகும் என்ற கேள்விக்கு இந்தத் தெரு விலைச்சீட்டு ஒட்டிப் பதில் சொல்கிறது: பெங்களூரிலிருந்து காரில் வருகிறவருடையதாகும்.

எனக்கு முன்னால் நின்ற ஜோடி ஒன்று தங்கள் விடுதிக்காக ஒரே மாதிரி எனாமல் தட்டுகள் தேடிக்கொண்டிருந்தது. “சிம்பிளா, மினிமலா வேணும்” என்றார் அந்தப் பெண். எளிமையும் இப்போது ஒரு சரக்குதான். பழைய வீட்டில் ஓர் அறையில் பாயும் மண்பானையும் வைத்து, ராத்திரிக்குப் பல ஆயிரம் வாங்குகிறார்கள். குறை சொல்லவில்லை, அப்படியாவது சில வீடுகள் இடிபடாமல் நிற்கின்றன. ஆனால் சாமான் குறைந்த அறைக்கும் ஆசை குறைந்த மனசுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. காலி அலமாரியைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பதும் ஒரு சேர்த்துவைப்புதான்.

ஆசீர்வாதப்பர் பொருட்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளர் எல்லாப் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களாகப் பாவிக்க வேண்டும் என்கிறார், 31-ஆம் அதிகாரத்தில். மண்வெட்டியும் அகப்பையும் பூசைப் பாத்திரத்துக்குச் சமம். அதே அதிகாரத்தில், அந்தப் பொறுப்பாளர் நோயாளிகளையும் சிறுவர்களையும் விருந்தாளிகளையும் ஏழைகளையும் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்றும் வருகிறது. இந்த இரண்டையும் அவர் பிரிக்கவில்லை. யாருக்குப் பரிமாறவோ, அதற்காகத்தான் பாத்திரம்.

வெண்கலச் சட்டியை வாங்கவில்லை. விலை கேட்டேன், அப்புறம் வைத்துவிட்டேன்.

வெள்ளி

விடியற்காலையில் கிளம்பித் தேவகோட்டை, அங்கிருந்து திருவாடானை வழியாக ஓரியூர். பேருந்தில் திருப்புகழ்மாலையைப் படிக்க முடியாது, குலுக்கல் அப்படி. அதற்கென்றே கிழக்குத் திருச்சபைகளின் செபம் ஒன்று இருக்கிறது: “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்.” அவ்வளவுதான். மூச்சோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது. முடிச்சுப் போட்ட கயிற்றில் எண்ணிக்கை வைத்துக்கொள்வார்கள். என்னிடம் செபமாலை இருந்தது. இளையராஜா பாட்டை ஓட்டுநர் சத்தமாக வைத்ததும் இரண்டும் கலந்துவிட்டன. திருவாடானை வரை அப்படியே போனது.

ஓரியூர் மண் சிவப்பு. அதை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறவர்களையும், சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லாரும்தான். புனித அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்ட இடம், 1693 பிப்ரவரி 4. லிஸ்பனில் 1647-இல் பெரிய குடும்பத்தில் பிறந்து, போர்த்துக்கல் அரசவையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, கறியும் மதுவும் விட்டு, பண்டாரசாமியாக மறவ நாட்டுக் கிராமங்களில் நடந்தார். 1687-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது அவரோடு வளர்ந்த இளவரசர் ராஜாவாகியிருந்தார். அங்கேயே இருந்துவிடச் சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் கிறிஸ்தவரானதும், ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவினர் என்பதும் அவருடைய சாவில் போய் முடிந்தன.

கோவிலுக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கறியை விட்டது தன் மன நிம்மதிக்காக இல்லை. கறி தின்கிற, சாராயம் குடிக்கிற பரங்கியை எந்தத் திண்ணையிலும் உட்காரவிடமாட்டார்கள் என்பதற்காக விட்டார். எளிமை அவருக்கு அடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போகிற வழி. இப்போது எளிய வாழ்க்கை பற்றிப் படிப்பதெல்லாம் எனக்கு டென்ஷன் குறையும், எனக்குத் தூக்கம் வரும் என்ற ரீதியில்தான் இருக்கிறது. நான் இங்கே வந்ததிலும் அது பாதி.

திரும்பும் வழியில் சருகணி. பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு லெவே அடிகளாரின் கல்லறை இங்கே இருக்கிறது. 1973-இல் இங்கேயே இறந்தார். புனிதர் பட்டத்துக்கான முதல் படியாக இறை ஊழியர் என்று திருச்சபை அறிவித்திருக்கிறது. கல்லறை ஓரம் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர், “எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது இவருதான்” என்று காட்டிவிட்டுப் பெருக்கலைத் தொடர்ந்தார். இந்தக் கோவிலுக்குத் தேர் செய்து கொடுத்தது மருது சகோதரர்கள் என்று ஊரில் சொல்வார்கள். மாலையில் சிலுவைப் பாதை. நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த பெண்கள் சும்மாடுத் துணியோடு முட்டிபோட்டார்கள். கடைசித் தேவகோட்டைப் பேருந்தை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

சனி

நேற்று அலைந்ததில் காலையில் எழவே முடியவில்லை. ஆறரைக்குத்தான் திருப்பாடல். ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை.

ஆன்ம சோதனையைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1548-இல் அச்சான தன் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஒரு படமே போட்டிருக்கிறார். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கோடுகள். முதல் கோடு நீளம், போகப்போகக் குட்டை. திருத்திக்கொள்ள நினைக்கும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதில் விழும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதை ஆச்சியிடம் சொன்னதும் அவர் எழுந்துபோய்ப் பெட்டகத்திலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். அவர் மாமனாருடையது. ரங்கூன் கடைக் கணக்கு. வரவு, பற்று, ஐந்தொகை. மை பழுப்பாகிவிட்டது, கையெழுத்து அச்சு மாதிரி. “ராத்திரி கணக்கு முடிக்காமப் படுக்க மாட்டாக. அணா பைசா இடிச்சாலும் விளக்கை அமத்த மாட்டாக” என்றார். இஞ்ஞாசியாரின் கோடுகளும் ராத்திரிப் பேரேடுதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஆன்ம சோதனை வரவில் ஆரம்பிக்க வேண்டும். அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்வது முதல் படி, குறைகளெல்லாம் அதற்கப்புறம்தான். நான் எப்போதும் பற்றிலேயே ஆரம்பித்து அதிலேயே தூங்கிப்போகிறவன்.

நான் எடுத்துக்கொண்ட குறை போன் இல்லை. அடுத்தவர் பேசும்போது நடுவில் புகுந்து முடித்துவைப்பது. திங்கள் கோட்டில் இருந்த புள்ளிகளுக்கும் நேற்றைய புள்ளிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் இங்கே பேச ஆளே குறைவு. ஆச்சியிடம் இந்தச் சங்கதியைச் சொன்னபோதும் அவர் வாக்கியத்தை நான்தான் முடித்தேன்.

மூட்டை கட்டியாகிவிட்டது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் ரயில். ஊருக்குப் போய் இந்த அட்டவணையில் என்னென்ன நிற்கும் என்று ஒரு மதிப்பீடு: விடியல் திருப்பாடல் நிற்கும், பிள்ளைகள் எழுவதற்கு முன்பே முடித்துவிடலாம். காலை வாசிப்பு வாரநாட்களில் நடக்காது. சனிக்கிழமைக்குத் தள்ளியாக வேண்டும். ஏழு கோடு நிற்கும், அதற்கு ஒரு நோட்டு போதும். ராத்திரிப் பாத்திரம் என் பங்கு என்று வீட்டில் போனிலேயே சொல்லிவிட்டேன். “எத்தனை நாளைக்கு?” என்று மனைவி கேட்டாள். பன்னிரண்டு மணி மூவேளை செபத்துக்கு ஆபீசில் இடம் வேண்டும். சாப்பாட்டு அறை அந்நேரம் காலியாகத்தான் இருக்கும். பக்கத்து செக்‌ஷன்காரர் டீ போட வராமல் இருந்தால் சரி. வந்தால் அவருக்கும் ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.